பின்னேரப் பிள்ளைகள்

அத்தியாயம் பதினேழு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் தயிருக்குக் காத்திராமல் கனகேஸ்வரியின் தம்பி சிவபாதசுந்தரம் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார் அல்லவா, அன்றிலிருந்து அந்த வெள்ளவத்தை வீட்டில் அவருடைய பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

அவளுடைய கணவர் நமசிவாயத்துக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. கலியாணம் செய்த நாள் முதல் இரண்டு வசனத்துக்கு ஒருமுறை "என்ர தம்பி" என்று கேட்டே பழகிய மனிதர் அவர். கனகேஸ்வரி மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலும் அதற்குள் தம்பி எப்படியோ வந்து சேர்ந்துவிடுவான். இப்போது அவள் வழமைபோலச் சமைக்கிறாள், சேலை மடிக்கிறாள், வானொலிச் செய்தி கேட்கிறாள். பேச்சில் தம்பியை மட்டும் காணோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. புதுப் பள்ளிக்கூடக் கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிற நாள். நமசிவாயம் தன் பழைய டட்சன் காரைத் துடைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் நீலக்கரை வைத்த வெள்ளைக் கைத்தறிச் சேலை உடுத்தியிருந்தாள். பரிசளிப்பு விழாவுக்கும் கல்விப் பணிப்பாளரோடு சண்டை பிடிக்கப் போவதற்கும் அவள் உடுத்துவது அதே சேலைதான். இன்றைக்கு இரண்டில் எது என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கனகேஸ்வரி கொட்டாஞ்சேனையில் ஓர் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலைக்கு அதிபர். ஒரேயொரு நீளக் கட்டடம், மேலே தகரக் கூரை, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தட்டி. இடம் போதாததால் காலையில் பெரிய வகுப்புகளும் மத்தியானத்துக்குப் பிறகு சின்ன வகுப்புகளும் நடந்தன. சின்னவர்களுக்குப் பின்னேரப் பிள்ளைகள் என்றே பெயர். தகரம் கொதிக்கிற நேரத்தில் வருவார்கள். பாதிப் பாடத்தில் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். பொழுது மங்கும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, துறைமுகத்துச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வீட்டுக்குப் போவார்கள். கடைசிப் பிள்ளை தெரு முனையில் திரும்பும் வரைக்கும் கனகேஸ்வரி வாசலில் நிற்பாள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு மணி, எல்லாப் பிள்ளையும் வெயில் இருக்கும்போதே வீடு. அவள் கண்ட கனவு அவ்வளவுதான்.

யுத்தத்துக்குச் செலவழிக்கிற அரசாங்கத்திடம் கட்டடத்துக்குக் காசு இல்லை. பிரதிக் கல்விப் பணிப்பாளர் ஸவாஹிர்தான் வேறொரு வழி கண்டுபிடித்தார். நிலமும் ஆசிரியர்களும் அரசாங்கத்தினுடையது, கட்டடம் தனியாருடையது, கட்டி முடிந்ததும் எல்லாமே பொதுச் சொத்து. காலி வீதியில் பெரிய புடவைக்கடை வைத்திருக்கும் சிவபாதசுந்தரம் வேறு சில வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு முன்வந்தார். கட்டடத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற நமசிவாயம் மூன்று மாடிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். குடும்பமே ஒரு கட்டடத்தைச் சுற்றி மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் அவை.

ஞாயிற்றுக்கிழமைதான் சுந்தரம் தன் நிபந்தனையைச் சொன்னார். புதுக் கட்டடத்தில் பாதி இடங்களுக்குப் பிள்ளைகளைக் கட்டடம் தருகிறவர்களே தெரிவு செய்வார்கள்.

கேட்டதும் கனகேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கொள்ளுப்பிட்டிச் சாவடியில் காரை மறித்தார்கள். சிப்பாய் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்க, நமசிவாயம் இறங்கி அடையாள அட்டைகளைக் கொடுத்து, "இஸ்கோலெட்ட, மாத்தயா. நோனா பிரின்சிபல்" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம், அம்மா அதிபர் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் என்ற சொல் எப்போதும் கொஞ்சம் வேலை செய்யும். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்த சிப்பாய், இது என்ன என்று கேட்டான். கட்டப் போகிற பள்ளிக்கூடம் என்று சொன்னதும், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கூரை இல்லை என்று சொல்லி அவனே திரும்பச் சுருட்டிக் கொடுத்தான்.

கார் நகர்ந்ததும் கனகேஸ்வரி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அந்த நிபந்தனையோட நான் கையெழுத்து வைக்க மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"கட்டடம் போயிடுமே, கனகம்."

"போகட்டும்."

போகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கிறாளோ என்று பார்க்க நமசிவாயத்துக்கு ஆசைதான். முன்னால் பஸ் நின்றதால் முடியவில்லை.

அதிபரின் அறையில் ஸவாஹிர் முன்னமே வந்து காத்திருந்தார். சுந்தரம் வந்தார். அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவைப் பார்க்காமல் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஸவாஹிர் நிலைமையை விளங்கிக்கொண்டு, தான் அடுத்த கிழமை குருநாகலுக்கு மாற்றலாகிப் போவதாகவும், தனக்குப் பிறகு வருகிறவர் இந்த ஏற்பாட்டைத் தொடுவாரோ தெரியாது என்றும், இன்றைக்கு முடித்தால் முடிந்தது என்றும் மெதுவாகச் சொன்னார்.

சுந்தரம் பேசத் தொடங்கினார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியெல்லாம் அலைந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் வெள்ளவத்தை லொட்ஜுகளில் ஓர் அறைக்குள் ஆறு ஏழு பேராக இருந்தன. அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெரிய பள்ளிக்கூடங்கள் வதிவிட அத்தாட்சி கேட்டன. லொட்ஜில் இருக்கிறவனுக்கு ஏது வதிவிடம்? சுந்தரத்தின் கடைக்கு மேல்மாடி லொட்ஜில் ஒரு பெண்பிள்ளை, மூன்றாம் வருடமாக ஒரே ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாளாம். அவளைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிப் போயிற்று.

"எங்கட சனத்தின்ர பிள்ளையள், அக்கா. நாங்கள் பாக்காட்டி ஆர் பாக்கிறது?"

"கொட்டாஞ்சேனைப் பிள்ளையள் ஆரின்ர சனம்?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், தோட்டங்களிலிருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். பாதியை வெளியிலிருந்து நிரப்பினால் அவர்களில் பாதிப்பேர் தெருவில் நிற்பார்கள். இதை அவள் சொல்ல, அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பழைய கட்டடம் இருக்கிறதுதானே என்று சுந்தரம் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நல்லபடியாக எதுவும் நடக்க வழியில்லை. சுந்தரம் எழுந்தார். ஸவாஹிர் தன் பேனாவை மூடினார். நமசிவாயம் மைத்துனரின் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனார்.

வாசலைத் தாண்ட முடியவில்லை. தெருவின் இரண்டு பக்கத்தையும் இராணுவ லொறிகள் அடைத்து நின்றன. சுற்றிவளைப்பு. துறைமுகத்துப் பக்கம் எதையோ கண்டெடுத்தார்களாம், வீடு வீடாகத் தேடுகிறார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லி ஒரு பொலிஸ்காரர் படலையை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.

பள்ளிக்கூடம் மாறுகிற நேரம் அது. காலைப் பிள்ளைகள் இன்னும் போகவில்லை. பின்னேரப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியர்களோ மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். வகுப்புகளில், படிகளில், தண்ணீர்க் குழாயடியில், எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். சில சின்னவர்கள் அழத் தொடங்கினார்கள்.

கனகேஸ்வரி அறையிலிருந்து வெளியே வந்தாள். வெண்கட்டிப் பெட்டி அவள் கையில் இருந்தது. காலை ஆசிரியர்களைப் பெரிய வகுப்புகளோடு மரநிழலுக்கும் விறாந்தைக்கும் அனுப்பினாள். ஸவாஹிரிடம் மரியாதையாக ஒரு வெண்கட்டித் துண்டை நீட்டி, ஐந்தாம் வகுப்புக்குச் சமயம் தவிர எதுவும் படிப்பிக்கலாம் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். கணவருக்கு நான்காம் வகுப்பு. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"சுந்தரம், நீ மூண்டாம் வகுப்புக்குப் போ."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் வாயால் அந்தப் பெயர் வந்தது அப்போதுதான். காலி வீதியில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, மறுவார்த்தை பேசாமல் வெண்கட்டியை வாங்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனார்.

நமசிவாயத்துக்கு அந்தக் காட்சி மனதைத் தொட்டது. சுந்தரம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தகப்பன் திடீரென்று இறந்துபோக, ஊர்க் கடையில் தான் உட்கார்ந்துகொண்டு அக்காவைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அக்காவும் தம்பியும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அவர் எந்த வகுப்பறைக்குள் போனாலும் வாசலில் ஒரு கணம் தயங்குவார். இன்றைக்கும் தயங்கித்தான் போனார்.

நான்காம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தட்டி. தன் பிள்ளைகளை ஒரு கணக்குச் செய்ய விட்டுவிட்டு நமசிவாயம் அதற்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

சுந்தரம் என்ன படிப்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். கடைசியில் தனக்குத் தெரிந்ததையே தொடங்கியிருந்தார். அளவுகோல் இல்லாமல் துணி அளப்பது எப்படி? மூக்கு நுனியில் ஒரு கையால் துணியைப் பிடித்து, மற்றக் கையை நீட்டினால் ஒரு யார், அதாவது மூன்றடி. பெரிய ஆளுக்குத்தான் அது சரி, சின்ன ஆளுக்கு எவ்வளவு குறையும்? எல்லோரும் கையை நீட்டுங்கோ பார்ப்பம் என்றார்.

எல்லோரும் நீட்டினார்கள். மூன்று பேர் உட்காரச் செய்த வாங்கில் ஐந்து பேர் இருந்ததால் ஒருவர் கை மற்றவர் முகத்தில் இடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவையும் சிரித்தன. சுந்தரம் சிலரை எழுப்பித் தரையில் இருத்தப் பார்த்தார். தரையில் முன்னமே பிள்ளைகள். விறாந்தைக்கு அனுப்பப் பார்த்தார். அங்கே எட்டாம் வகுப்பு. கையில் வெண்கட்டியோடு, இந்தச் சரக்கை எங்கே இறக்குவது என்று தெரியாத கடைக்காரரைப் போல நின்றார்.

அந்த நேரத்தில் படலையடியில் ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். நமசிவாயம் போனார், சுந்தரமும் பின்னால் வந்தார். வெள்ளையம்மா என்று பெயர். மூன்றாம் வகுப்பு ஆறாயியின் தாய், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். கடை முதலாளியைச் சிப்பாயிடம் பேச வைத்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள். பிள்ளை பத்திரமா என்று கேட்டாள். பத்திரம் என்று சுந்தரம் சொன்னார். புதிதாக வந்த வாத்தியார் என்று அவரை நினைத்துக்கொண்டு அவள் இன்னொன்றையும் கேட்டாள்.

"சார், புதுசா கட்டுற கட்டடத்துல எங்க புள்ளைங்களுக்கு எடம் இல்லேன்னு பேசிக்கிறாங்க. நெசமா சார்? நெசம்னா இப்பவே சொல்லிருங்க. புள்ளைய ஹட்டன்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன். இங்க சேத்து வச்சிட்டு, பொறவு இல்லேன்னா அது தாங்காது."

சுந்தரம் கையிலிருந்த வெண்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவள் இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கமாக பிள்ளைகள் தின்ன ஒரு பணிஸ் பொட்டலத்தை நீட்டி, ஆறாயிக்கும் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் இருக்கிறவள் கிளிநொச்சியிலிருந்து வந்த பிள்ளை, கிட்டத்தில் ஒரு லொட்ஜில் இருக்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு சுந்தரம் நேரே அதிபரின் அறைக்குப் போனார். நமசிவாயமும் போனார். கனகேஸ்வரி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒரு பிள்ளையையும் வெளியில விடேலாது, அக்கா," என்றார் சுந்தரம்.

"அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து சொல்லுறன்."

"லொட்ஜ் பிள்ளையளையும் விடேலாது."

கனகேஸ்வரி மேசையிலிருந்து கையை எடுத்தாள். அதுவும் உண்மை என்று அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாதா?

சுந்தரம் கதிரையில் உட்கார்ந்து, கடைக் கணக்கு யோசிக்கிறவரைப் போல மேசையில் விரலால் தட்டினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். தெரிவு செய்கிற நிபந்தனையைத் தான் விட்டுவிடலாம். சேர்ப்பதெல்லாம் அதிபர் கையில். வாசலுக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மட்டும் எழுதலாம். ஆனால் மூன்று மாடிக்குள் எல்லோரும் அடங்க வேண்டுமென்றால் ஒரு வழிதான் இருக்கிறது. புதுக் கட்டடத்திலும் காலை, பின்னேரம் என்று இரண்டு நேரமாக நடத்த வேண்டும்.

நமசிவாயம் மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அந்த வரைபடத்தை அவர் போடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு வகுப்பின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தாள். பின்னேரம் என்ற சொல்லே அதில் இல்லை.

அவள் யன்னலடிக்குப் போனாள். அங்கிருந்து தெரிந்த மூன்றாம் வகுப்பில் சின்னவர்கள் இன்னும் மூக்கிலிருந்து கையை நீட்டி நீட்டி ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருந்தார்கள். 

"சரி," என்றாள். "ஆனா எனக்கும் ஒரு நிபந்தனை. பின்னேரப் பிள்ளையளை வீட்டை கொண்டுபோய் விட ஒரு வான் வேணும். மழையெண்டாலும் சுற்றிவளைப்பெண்டாலும் ஓட வேணும். அது உன்ர பொறுப்பு."

"ஓம், அக்கா."

"ஓம் எண்டு லேசாச் சொல்லாதை."

"வான் கடையில சும்மாதான் நிக்குது," என்றார் சுந்தரம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஸவாஹிரை ஐந்தாம் வகுப்பிலிருந்து பிரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாத்தறைக்குப் போகிற ரயில் பாதையைக் கரும்பலகையில் ஸ்டேசன் ஸ்டேசனாக வரைந்துகொண்டிருந்தவர், பாணந்துறையில் நிறுத்திவிட்டு மனமில்லாமல் வந்தார். நிபந்தனையை வெட்டிப் புதிய வரிகளை எழுதினார். மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். வெளியே லொறிகள் புறப்படும் சத்தம் கேட்டது. படலை திறந்தது.

பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். கடைசிப் பிள்ளை போகும் வரை கனகேஸ்வரி அசைய மாட்டாள். அதனால் அத்தானும் மச்சானுமாக நமசிவாயமும் சுந்தரமும் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மழை தூறியது. நமசிவாயத்துக்கு மனம் நிறைந்திருந்தது. அத்திவாரத்துக்குக் கம்பி எங்கே வாங்கலாம், தெமட்டகொடையில் நல்ல மேசன்மார் இருக்கிறார்கள், சுந்தரம் கிழமைக்கு இரண்டு தரம் வந்து பார்த்தால் போதும் என்றெல்லாம் கதைத்துக்கொண்டே போனார்.

"அத்தான்," என்றார் சுந்தரம். "எனக்குக் கனடா விசா வந்திட்டுது."

நமசிவாயம் காரின் வைப்பரைப் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

சுந்தரத்தின் மனைவியும் மகளும் டொரொண்டோவுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மகள் இப்போது தொலைபேசியில் அப்பாவோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாளாம். மார்கழி முடிவதற்குள் போய் இறங்காவிட்டால் விசா காலாவதியாகிவிடும். கடையை வியாபாரப் பங்காளி பௌஸி பார்த்துக்கொள்வார். கட்டடக் காசும் வானும் சொன்னபடி வரும். ஆனால் முன்னுக்கு நின்று கட்டுவிக்க அவர் இருக்க மாட்டார்.

"நீங்கள்தான் நிண்டு கட்ட வேணும், அத்தான். அக்காவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. இண்டைக்குத்தான் சிரிச்சவ."

"எப்ப சொல்லப் போறீர்?"

"நானே சொல்லுவன். ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ."

அதற்குள் கனகேஸ்வரி குடையும் இல்லாமல் ஓடி வந்து காரில் ஏறினாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். மூன்றாம் வகுப்பு மறுபடியும் அந்தப் புடவைக்கடை வாத்தியார்தான் வேண்டுமென்று கேட்கிறதாம். ஸவாஹிரின் ரயிலைக் கரும்பலகையிலிருந்து அழிக்க ஐந்தாம் வகுப்பு விடவில்லையாம். பின் ஆசனத்திலிருந்து சுந்தரம் ஓம் ஓம் என்றார். வெள்ளவத்தையில் கடையடியில் இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, தயிர் வாங்கி வைக்கிறன் என்றாள் அக்கா. வாறன் என்றார் தம்பி.

வீட்டுக்கு வந்ததும் அவள் கால் கழுவிவிட்டு நேரே தேத்தண்ணி போடப் போனாள். குசினியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. மார்கழியில் அடிக்கல் வைக்கக் கூடாது, தை பிறந்ததும் நல்ல நாள் பார்க்க வேண்டும். அமைச்சர் ஒருவரும் வேண்டாம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன் கட்டுகிற பள்ளிக்கூடம் இது.

"முதல் கல்லை என்ர தம்பிதான் வைக்க வேணும். வேற ஆர் வச்சாலும் நான் அந்தப் பக்கம் போக மாட்டன்."

நமசிவாயம் முன்னறையில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். என்ர தம்பி என்ற சொல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்க இத்தனை நாள் ஏங்கியவர், இப்போது கேட்க முடியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம், நல்ல யோசனை என்றார். முழுவதையும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

கனகேஸ்வரி எதிர்க் கதிரையில் உட்கார்ந்து தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். கோப்பையைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீனி போட மறந்துபோனன். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் முழுக்கக் குடிச்சிருக்கிறியள்," என்றாள். அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி மெல்ல மெல்லக் குறைந்தது. "காருக்குள்ள தம்பி உங்களிட்டை என்ன சொன்னவன்?"